அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். அதற்கு எங்களிலும் பார்க்கத் தகுதியான அக்காமார் பலர் இங்கே இருக்கிறார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது வேறொன்று. "நீங்கள் படித்துத் தொழில் செய்கிற விஷயத்தில் ஒன்றை எடுத்து, விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லுங்கோ" என்றார்கள். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். ஒருவர் தொலைத்தொடர்புப் பொறியியலாளர், ஒருவர் கணித ஆசிரியை, மற்றவர் இன்றும் தீவகத்தில் கடற்றொழில் குடும்பமொன்றில் வாழ்பவர். மூவருக்கும் பொதுவாக ஒரு விஷயத்தைத் தேடியபோது ஒரு கேள்வி அகப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வானொலி அலை வந்து சேர்கிறது. அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீவகத்துக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று படகுக்குக் காத்திராத மாணவி நம்மில் மிகச் சிலர்தான். ஊர்காவற்றுறையானாலும் நெடுந்தீவானாலும் நயினாதீவானாலும், கடலுக்குப் போன ஒருவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுப்பு அணைந்துவிடும், ஊர் கரைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் இருப்பது "எந்தப் பக்கம் போய்த் தேடுவது?" என்ற ஒரு கேள்விதான். இந்த உரையின் கணிதம் முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலும் கணிதம்.

முதலில், எல்லோருக்கும் பழக்கமான ஒரு பொருளில் இருந்து தொடங்குகிறோம். அந்த நாளில் வீட்டுக்கு வீடு இருந்த ரான்சிஸ்டர் வானொலியை நினைத்துப் பாருங்கள். திருச்சி வானொலி தெளிவாகக் கேட்காவிட்டால் அம்மம்மா என்ன செய்வார்? பெட்டியை மெல்ல மெல்லத் திருப்பி வைப்பார். ஓரிடத்தில் பாட்டு மங்கும், இன்னோரிடத்தில் கணீரென்று கேட்கும். மின்சாரமும் மின்கலங்களும் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட வீடுகளிலும் இந்தத் திருப்பல் நடந்தது.

காரணம் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. செப்புக் கம்பி சுற்றிய ஒரு கறுத்தக் கோல் அதனுள் உண்டு. ஃபெரைட் என்னும் பொருளால் ஆன அந்தக் கோல்தான் மத்திய அலைக்கான அன்ரனா. கோலின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் ஒலி கூடும், நுனி நோக்கினால் ஒலி மங்கும். நம் தீவுகளில் இருந்து பார்த்தால் திருச்சி வடமேற்கே, கொழும்பு தெற்கே. ஆகவே பெட்டியைத் திருப்பியவர்கள் எல்லோரும் தம்மை அறியாமலே திசை கண்டறியும் கருவியைக் கையாண்டவர்கள்தான்.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒலி உச்சமாகக் கேட்கும் நிலையைக் கொண்டு திசையைச் சரியாகச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து பாகை திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒலி அடங்கும் நிலையோ கூர்மையானது. சற்றே திருப்பினாலும் ஒலி திரும்பி வந்துவிடும். பழைய கப்பல்களில் வளைய அன்ரனாவைச் சுழற்றித் திசை பார்த்தவர்களும் ஒலி அடங்கும் இடத்தைத்தான் தேடினார்கள். கேட்கும் திசையிலும் பார்க்கக் கேளாத திசையே நம்பகமானது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் மீண்டும் இது தேவைப்படும்.

ஆனால் ஒற்றை அன்ரனாவுக்குக் குறைகள் உண்டு. கோலுக்கு இரண்டு நுனி இருப்பதால் நிலையம் முன்னாலா பின்னாலா என்று அதனால் சொல்ல முடியாது. பெட்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் பேசியவர் பேச்சை நிறுத்திவிட்டால் எல்லாம் வீண். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பம்தான். ஆகவே ஒன்றைச் சுழற்றுவதை விட்டுவிட்டு, பல அன்ரனாக்களை அசையாமல் வரிசையாக நிறுத்தி வைக்கும் எண்ணம் பிறந்தது. அந்த வரிசையையே அன்ரனா அணி என்கிறோம்.

அதை விளங்கிக்கொள்ள நம் பரவைக்கடல் போதும். ஆழமில்லாத கடலில் களங்கண்ணி வலைக்காக நட்டிருக்கும் தடிகளைப் பார்த்திருப்பீர்கள். எட்டுத் தடிகள் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் ஒரு லாஞ்சி போகிறது, அதன் அலை வருகிறது. அலை வரிசைக்கு நேர் எதிரே வந்தால் எட்டுத் தடிகளையும் ஒரே கணத்தில் தொடும். சரிந்து வந்தால் முதலாம் தடியை முதலில் தொடும், பிறகு இரண்டாம் தடி, பிறகு மூன்றாம் தடி. எவ்வளவு சரிந்து வருகிறதோ அவ்வளவுக்குத் தடிக்குத் தடி தாமதம் கூடும். லாஞ்சி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தடிகளில் தண்ணீர் ஏறி இறங்கும் ஒழுங்கைப் பார்த்தே அலை வந்த திசையைச் சொல்லிவிடலாம். நம் இரண்டு காதுகளும் இதைத்தான் செய்கின்றன. பக்கவாட்டில் ஒருவர் கூப்பிட்டால் ஒரு காதுக்கு ஒலி மற்றதிலும் பார்க்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி வருகிறது. அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டு மூளை தலையைத் திருப்பச் சொல்கிறது.

வானொலி அலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கே நேர வித்தியாசத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால் அவத்தையை அளக்கிறோம். அவத்தை என்பது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் கோணம். ஒரு முழுச் சுற்று 360 பாகை.

உதாரணமாக, கடலில் ஆபத்து அழைப்புக்கு உலகெங்கும் ஒதுக்கியிருக்கும் வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையை எடுப்போம். அதன் மீடிறன் 156.8 மெகாஹேர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 1.91 மீற்றர். அன்ரனாக்களை அரை அலைநீள இடைவெளியில், அதாவது சுமார் 96 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்துகிறோம். அணியின் நேர் எதிர்த்திசையில் இருந்து 30 பாகை விலகி ஓர் அலை வருகிறது. 30 பாகையின் சைன் பெறுமானம் அரை என்பதைச் சாதாரண தரத்திலேயே படித்தோம். ஆகவே அடுத்த அன்ரனாவை அடைய அலை மேலதிகமாக ஓடும் தூரம் 96இன் பாதியான 48 சென்ரிமீற்றர். அது கால் அலைநீளம், அதாவது 90 பாகை அவத்தை வித்தியாசம். நடைமுறையில் இதைத் திருப்பிச் செய்கிறோம். அளந்த அவத்தை வித்தியாசம் 90 பாகை என்றால் அலை வந்த கோணம் 30 பாகை. "சைன், கோசைன் எல்லாம் வாழ்க்கையில் எதுக்கு மிஸ்?" என்று கேட்ட ஒவ்வொரு வகுப்புக்கும் இதுவே பதில்.

ஏன் அரை அலைநீளம் என்று கேட்கலாம். இடைவெளி ஒரு முழு அலைநீளமானால், அணியின் பக்கவாட்டில் இருந்து வரும் அலை அடுத்த அன்ரனாவில் 360 பாகை பிந்தும். 360 பாகை பிந்துவதும் பிந்தாமல் இருப்பதும் அளவில் ஒன்றுதான். பக்கத்தில் இருந்து வந்த அலை எதிரில் இருந்து வந்தது போலத் தோன்றும். அரை அலைநீளத்தைத் தாண்டாவிட்டால் அந்த மயக்கம் வராது. நேர்கோட்டு அணிக்கு வேறு இரண்டு குறைகளும் உண்டு. கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அது சொல்லாது. கோட்டின் நுனிப் பக்கத்தில் இருந்து வரும் அலைகளுக்குக் கோணத் துல்லியம் குறையும். கடற்கரையில் கடல் முழுவதும் ஒரு பக்கமாகவே இருப்பதால் முதற்குறை பெரிதல்ல. எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டுமென்றால் அன்ரனாக்களை வட்டமாக நிறுத்துவார்கள்.

இனித்தான் உண்மையான சிக்கல் வருகிறது. இரண்டு லாஞ்சிகளின் அலைகள் ஒன்றாக வந்து தடிகளில் கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பது? நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்துக் கடலை நினைத்தால் கேள்வி உடனே விளங்கும்.

பழைய வழி இது. ஒவ்வொரு திசையாக எடுத்து, அந்தத் திசையில் இருந்து அலை வந்தால் ஏற்படக்கூடிய தாமதங்களை ஈடுசெய்து, எல்லா அன்ரனாக்களின் பதிவுகளையும் கூட்டிப் பார்ப்பது. சரியான திசையில் எல்லாம் ஒத்துச் சேர்ந்து கூட்டுத்தொகை உயரும். அன்ரனாவை அசைக்காமல் கணக்கால் திருப்பும் வித்தை இது. தமிழ்நாட்டில், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 1970இல் நிறைவுபெற்ற வானொலித் தொலைநோக்கி இதற்குச் சிறந்த உதாரணம். கோவிந்த் சுவரூப் என்ற விஞ்ஞானி தலைமை தாங்கி அமைத்தது. 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை, அவ்விடத்தின் அகலக்கோட்டுக்குச் சமமாக, ஏறத்தாழ 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவில் வடக்குத் தெற்காக நிறுத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்தது. கிழக்கு மேற்காக அதை இயந்திரம் திருப்புகிறது. வடக்குத் தெற்காகப் பார்க்கும்போது எதுவும் அசைவதில்லை. வரிசையாக இருக்கும் 1,056 இருமுனை அன்ரனாக்களின் அவத்தையை மாற்றியே பார்வையைத் திருப்புகிறார்கள். நம் தீவுகளின் அகலக்கோட்டில் இருந்து அது அதிக தூரமில்லை. நம் தலைக்கு மேலே போகும் வானத்தைத்தான் அதுவும் பார்க்கிறது.

ஆனால் இந்த வழியின் கூர்மை அணியின் நீளத்தில் தங்கியிருக்கிறது. அரைக் கிலோமீற்றர் நீளம் எல்லோருக்கும் கிடைக்காது. அரை அலைநீள இடைவெளியில் எட்டு அன்ரனாக்கள் இருந்தால் பார்வையின் அகலம் ஏறக்குறைய 13 பாகை. 20 கிலோமீற்றர் தொலைவில் அது நாலரைக் கிலோமீற்றர் அகலம். அதற்குள் இரண்டு படகுகள் நின்று பேசினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எட்டு அன்ரனாவை வைத்துக்கொண்டு இதைத் தாண்டமுடியுமா என்பதுதான் 1970களிலும் 80களிலும் பலரின் தலையைக் குடைந்த கேள்வி.

அமெரிக்கரான றால்ஃப் ஷ்மிட் 1979இல் ஒரு வழியை முன்வைத்தார். 1986இல் ஆய்விதழில் வெளிவந்த அந்த முறைக்கு மியூசிக் என்று பெயர். உயர்தரத்தில் தாயம் படித்தவர்களுக்காக ஓரிரு வசனம். எட்டு அன்ரனாக்களின் பதிவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை எட்டுக்கு எட்டான ஒரு தாயமாக எழுதலாம். அதன் ஐகன் பெறுமானங்களைக் கணித்தால், இரண்டு படகுகள் பேசுகின்றன என்றால் இரண்டு பெறுமானங்கள் உயர்ந்து நிற்கும். மற்ற ஆறும் இரைச்சலின் மட்டத்தில் தாழ்ந்து கிடக்கும். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது முதலில் தெரிந்துவிடுகிறது. பிறகு ஷ்மிட் செய்ததுதான் அழகு. உயர்ந்த இரண்டை விட்டுவிட்டு, இரைச்சல் மட்டுமே குடியிருக்கும் அந்த ஆறின் பக்கம் திரும்பினார். உண்மையான படகு இருக்கும் திசை அந்த இரைச்சல் வெளிக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். ஒவ்வொரு திசையாகச் சோதித்து, இரைச்சல் வெளியில் எதுவுமே விழாத திசை எது என்று பார்த்தால் அங்கே படகு இருக்கிறது. அம்மம்மாவின் ரான்சிஸ்டரில் கண்ட அதே உண்மைதான். கேளாத திசை கூர்மையானது.

இந்த முறைக்கும் இரண்டு சுமைகள் இருந்தன. எல்லாத் திசைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அத்தோடு ஒவ்வொரு அன்ரனாவும் ஒவ்வொரு திசைக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்ற அட்டவணையை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் அன்ரனா ஒன்று சற்றுப் பழுதடைந்தாலும் அட்டவணை பொய்யாகிவிடும்.

இங்கேதான் ஒரு தமிழர் கதைக்குள் வருகிறார். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் கோயம்புத்தூருக்கு அருகே பொள்ளாச்சியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இந்தியக் கடற்படைக்குப் பயிற்சிக்குப் போனார். பிறகு டெல்லி ஐ.ஐ.ரி.யில் 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1971 டிசம்பர் 9ஆம் திகதி, போர்க்காலத்தில், குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பலை அரபிக்கடலில் ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்கடியில் வரும் ஒலியின் திசையை உரிய நேரத்தில் கண்டுபிடிப்பது எத்தனை உயிர்களின் விஷயம் என்பதை அந்த இழப்பு உணர்த்தியது. கடற்படையின் சோனார்களை மேம்படுத்தும் பணியில் பால்ராஜ் ஈடுபட்டார். அவர் தலைமையில் உருவான அப்சோ என்ற சோனார் 1983இல் வந்தது. சோனாரும் ஓர் அணிதான். அன்ரனாவுக்குப் பதில் நீருக்கடி ஒலிவாங்கிகள், வானொலி அலைக்குப் பதில் ஒலியலை, கணிதம் ஒன்றே.

அதன் பின் அவர் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பேராசிரியர் தோமஸ் கைலாத், அவரது மாணவர் றிச்சார்ட் றோய் ஆகியோருடன் சேர்ந்து 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய முறைதான் எஸ்பிரிட்.

அதையும் தடிகளைக் கொண்டே சொல்லலாம். எட்டுத் தடிகளில் முதல் ஏழையும் ஒரு குழுவாக எடுங்கள். இரண்டாம் தடி தொடக்கம் எட்டாம் தடி வரை இன்னொரு குழு. இரண்டு குழுக்களும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்று மற்றதில் இருந்து ஓர் இடைவெளி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு லாஞ்சியின் அலையை முதற்குழு எப்படிப் பதிகிறதோ, இரண்டாம் குழுவும் அப்படியே பதியும், அவத்தை மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவு சுழன்றிருக்கும். அந்தச் சுழற்சிக்குள் திசை இருக்கிறது. இரண்டு லாஞ்சிகள் என்றால் இரண்டு சுழற்சிகள். கலந்துபோன பதிவில் இருந்து அந்த இரண்டு சுழற்சிகளையும் ஒரு சிறிய தாயத்தின் ஐகன் பெறுமானங்களாக நேரடியாக எடுத்துவிடலாம். திசை திசையாகத் தேட வேண்டியதில்லை. அன்ரனாக்களின் பெரிய அட்டவணையும் வேண்டியதில்லை. இரண்டு குழுவும் ஒத்தவையாக இருக்க வேண்டும், இடைவெளி தெரிந்திருக்க வேண்டும். அணிநடையில் முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே தாளத்தில் போனால், இரண்டு வரிசையையும் ஒப்பிட்டே நடையின் வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அளக்கத் தேவையில்லை.

இந்த முறைகளுக்கும் எல்லை உண்டு. எட்டு அன்ரனாவால் ஏழு பேருக்கு மேல் பிரிக்க இயலாது. ஒருவரின் சமிக்ஞையே நேராகவும், கப்பல் ஒன்றின் இரும்பு உடலில் பட்டுத் தெறித்தும் இரண்டு வழியாக வந்தால், இரண்டும் ஒரே குரல் என்பதால் தாயத்தில் அவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அணியைச் சிறு சிறு குழுக்களாக்கிச் சராசரி எடுத்து இந்த ஒட்டலை அவிழ்க்கும் வழியையும் 1985இல் கைலாத்தின் குழுவினர் விளக்கினார்கள்.

பால்ராஜின் கதை அத்தோடு முடியவில்லை. கடற்படையில் இருந்து ஓய்வுபெற்று 1990களின் தொடக்கத்தில் மீண்டும் ஸ்ரான்ஃபோர்ட்டுக்குப் போனவர், கலந்து வரும் சமிக்ஞைகளைப் பிரிக்கும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அலைகள் பல பொருட்களில் பட்டுச் சிதறி வரும் இடத்தில் பிரிப்பது சுலபமாவதைக் கவனித்தார். அப்படியானால் வேண்டுமென்றே பல அன்ரனாக்களில் இருந்து ஒரே மீடிறனில் வெவ்வேறு தகவல்களை அனுப்பி, மறுமுனையில் பல அன்ரனாக்களால் பிரித்தெடுத்தால் என்ன? 1992இல் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் அது கிடைத்தது. இன்று மைமோ என்று சொல்லப்படும் இந்தத் தொழில்நுட்பம் நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிகளிலும் வை-ஃபை கருவிகளிலும் இருக்கிறது. இந்தப் பங்களிப்புக்காக 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இந்த விழாவைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காமாரே, உங்கள் முகங்கள் இங்கே தெரிவதற்குப் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவருடைய கணிதமும் ஒரு காரணம்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். எஞ்சின் நின்றுபோன ஒரு கண்ணாடியிழைப் படகு. கையடக்க வி.எச்.எஃப். கருவி ஒன்றில் உதவி கேட்கிறார்கள். கரையில் இரண்டு இடங்களில், உதாரணத்துக்கு நெடுந்தீவில் ஒன்றும் காரைநகரில் ஒன்றுமாக, 20 மீற்றர் உயரக் கம்பங்களில் அணிகள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த உயரத்துக்குக் கடல் மட்டத்தை ஒட்டிய கருவியின் குரல் ஏறத்தாழ 24 கிலோமீற்றர் வரை எட்டலாம். இரண்டு இடங்களும் தனித்தனித் திசை சொல்லும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் படகு.

படகு இரண்டு இடங்களில் இருந்தும் 20 கிலோமீற்றரில் இருக்கிறது, கோடுகள் செங்குத்தாக வெட்டுகின்றன என்று வைப்போம். திசையில் இரு பக்கமும் 5 பாகை பிழை வரக்கூடுமானால் தேடவேண்டிய பரப்பு ஏறத்தாழ 12 சதுரக் கிலோமீற்றர். பிழையை 1 பாகைக்குக் குறைத்தால் பரப்பு அரைச் சதுரக் கிலோமீற்றர். இருபத்தைந்தில் ஒரு பங்கு. நீரோட்டம் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் இழுத்தாலும், தேடுபவர்கள் போய்ச் சேருவதற்குள் அந்த அரைச் சதுரக் கிலோமீற்றர் நகர்ந்துவிடும். ஆகவே பாகைக் கணக்கில் மிச்சப்படுத்துவது மணிக்கணக்கில் மிச்சப்படுத்துவதாகும். இரவில், சோளகக் காற்றில், மணிக்கணக்கின் பொருள் என்னவென்று தீவகத்துப் பெண்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

"ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு?" என்று தங்கைமார் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஜி.பி.எஸ். படகில் இருப்பவருக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்கிறது. அதைக் கரைக்குச் சொல்ல இன்னொரு வழி வேண்டும். 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குச் சொல்லும் ஆபத்துச் சமிக்ஞைக் கருவிகள் உள்ளன. வசதியுள்ளவர்கள் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். ஆனால் இலக்கங்களை வாசித்துச் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவர், நடுங்கும் குரலில் இரண்டு சொல் சொன்னாலும் திசை காணும் அணிக்கு அது போதும். அந்தக் கருவிகளைச் செய்மதி ஓர் இடத்துக்குக் காட்டித் தந்த பிறகும், கடைசிச் சில கிலோமீற்றர்களை மீட்புக் கப்பல்களும் விமானங்களும் 121.5 மெகாஹேர்ட்ஸ் சமிக்ஞையின் திசையைப் பிடித்துக்கொண்டுதான் நெருங்குகின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காப்பாற்றுவதற்காகத் திசை காணும் அதே கணிதம், பேசியவரைத் தேடித் தாக்குவதற்கும் உலகப் போர்கள் தொட்டுப் பயன்பட்டு வந்திருக்கிறது. புளுரூத் கருவிகளுக்கே 2019இல் திசை காணும் வசதி வந்துவிட்டது. கையில் இருக்கும் கருவி தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லக்கூடிய காலம் இது. போர் நடந்த மண்ணில் பிறந்த நமக்கு, யார் கையில் எந்தக் கருவி, எதற்காக என்று கேட்கும் பொறுப்பு மற்றவர்களிலும் பார்க்க அதிகம். அப்படிக் கேட்பதற்கும் அதன் உள்ளடக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதுக்கு?" என்ற கேள்வி எங்கள் காலத்தில் சில வீடுகளில் கேட்டது. இன்றும் முற்றாக மறையவில்லை என்று தங்கைமார் சொல்கிறார்கள். இதற்கு நீண்ட வாதம் செய்வதைவிட, நம் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மேசையை ஒதுக்குவது நல்லது என்று நினைக்கிறோம். வானொலிக் கருவிகளுக்கு உரிய அனுமதிகளைப் பெற வேண்டும். ஒலிக்கு அது வேண்டியதில்லை. 1,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர். நான்கு சாதாரண ஒலிவாங்கிகளை 17 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஒரு பலகையில் பொருத்துங்கள். நான்கையும் ஒருமிக்கப் பதிவுசெய்யும் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று, ஒரு மடிக்கணினி. மண்டபத்தின் மூலையில் ஒரு கைத்தொலைபேசி அந்த ஒலியை எழுப்பட்டும். 30 பாகையில் இருந்து வரும் ஒலி அடுத்த ஒலிவாங்கிக்குக் கால் மில்லிசெக்கன் பிந்தி வரும். செக்கனுக்கு 44,100 தரம் அளவெடுக்கும் வழக்கமான பதிவில் அது ஏறக்குறைய 11 அளவுகள். பிள்ளைகள் விரல்விட்டே எண்ணலாம். பிறகு இரண்டாவது தொலைபேசியை ஒலிக்கவிடுங்கள், ஆனால் அதன் மீடிறன் மிகச் சிறிதளவு, ஒரு ஹேர்ட்ஸ் அளவு, விலகியிருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே குரலாக ஒட்டிக்கொள்ளும். கலந்த ஒலியைப் பிரித்து இரண்டு திசையையும் சொல்லும் நிகழ்ச்சியை ஒரு உயர்தர மாணவி எழுதி முடித்தாள் என்றால், அவள் ஸ்ரான்ஃபோர்ட்டில் பிறந்த கணிதத்தை இந்த மண்டபத்தில் நடத்திக் காட்டியவள் ஆவாள்.

ஒலிவாங்கிகளும் பதிவுப் பெட்டியும் பலகையும் எங்கள் வகுப்பின் அன்பளிப்பு. நாங்கள் உங்களிடம் கேட்பது பணமல்ல, நேரம். உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளில் பொறியியலாளர்கள், கணித ஆசிரியைகள், கணினி நிபுணர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம், திரையின் ஊடாக, உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுடன் இருங்கள். தாயமும் திரிகோண கணிதமும் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று காட்டினால் போதும், மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பெயர் தர விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள்.